ஒரு எட்டும் வீணாகாத வழி

திட்டம் போட்டது என் மகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் நாலு பேர் அது என் வீட்டுக்காரர் போட்ட திட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தீவனமும் மருந்தும் வாங்கப் பல்லடம் போனால் தீவனத்தோடு திரும்பி வந்து, மருந்து எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிகிறவர். அவராவது, திட்டம் போடுவதாவது.

சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய பூங்கா திறந்திருந்தார்கள். தீம் பார்க் என்ற சொல்லே அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ராட்டணம், தண்ணீர்ச் சறுக்கு, தலைகீழாகப் போகிற ரயில், தங்குவதற்கு அறை, சாப்பிட ஹோட்டல், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். அங்கே எப்படிப் போவது, எதில் முதலில் ஏறுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தது நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பையன். வீட்டில் அவனைத் தம்பி என்றும் அவன் தங்கையைப் பாப்பா என்றும் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தம்பி இப்போது இல்லை. காலேஜில் சேர்க்க வேண்டிய வயதில் போய்விட்டான்.

எங்களுக்குத் தோட்டத்தில் இரண்டு கோழி ஷெட். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், குஞ்சு இறக்கிவிட்டால் அது வளர்ந்து, லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும்வரை வீட்டை விட்டு எல்லோரும் சேர்ந்து நகர முடியாது. கரண்டு போனால் ஓட வேண்டும், மழைச்சாரல் அடித்தால் படுதாவை இறக்க ஓட வேண்டும். கல்யாணம் காட்சி என்றால் அவர் ஒன்றுக்குப் போவார், நான் ஒன்றுக்குப் போவேன். ஒரு பேட்ச் போய் அடுத்த பேட்ச் வருவதற்குள் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயப் போடும் கொஞ்ச நாள் இருக்கும். அந்த இடைவெளிதான் எங்களுக்கு லீவு. அதிலும் பாதி நாள் சுண்ணாம்பு அடிப்பதிலேயே போய்விடும். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்கள் நாலு பேரும் ஒன்றாக எங்கேயும் ஒரு இரவு தங்கியதே கிடையாது.

தம்பிக்குப் பள்ளிக்கூடம் சேர்த்த புதிதிலேயே நடையில் வித்தியாசம் தெரிந்தது. நுனிக்காலில் நடப்பான். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பான். சோம்பேறி, சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தொப்பை போட்டுவிட்டான் என்று கேலி பண்ணிச் சிரித்தோம். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முதலில் தரையில் கையை ஊன்றுவான், அப்புறம் முழங்காலில் ஊன்றுவான், அப்புறம் தொடையில் ஊன்றுவான். தன் உடம்பின் மேலேயே ஏறி எழுந்து நிற்பான். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

கோயமுத்தூரில் ஒரு டாக்டர் பரிசோதனையெல்லாம் பண்ணிவிட்டுப் பிள்ளையை நர்ஸோடு வெளியே அனுப்பினார். கதவு மூடும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“இது சதையில வர்ற நோயிங்கம்மா. இதுக்கு மருந்து இல்ல. இன்னும் கொஞ்ச காலத்துக்கு நடப்பான். அப்புறம் நடக்க முடியாது.”

“எத்தன காலத்துக்குங்க?” என்று கேட்டேன்.

“அத யாராலயும் சொல்ல முடியாதுங்க. நடக்கறப்பவே ஆசப்பட்ட இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க.”

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் அப்படியெல்லாம் உட்காருகிற ஜாதி இல்லை. மடியில் கிடந்த பையனிடம் கேட்டேன். “கண்ணு, உனக்கு எங்க போகோணும்னு ஆச?”

அவன் யோசிக்கவே இல்லை. “தீம் பார்க்குங்கம்மா.”

தீவனக் கடைக்காரர் வீட்டுப் பையன் அங்கே போய்வந்து வகுப்பில் பெருமை அடித்திருக்கிறான். நுழைவாயிலில் கொடுக்கும் வழுவழுப்பான மடிப்புத் தாள் ஒன்றையும் இவனுக்குக் கொடுத்திருக்கிறான். அதில் பூங்கா முழுவதும் படமாகப் போட்டிருந்தது. எந்த ராட்டணம் எங்கே, கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று.

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. தாளைத் தரையில் விரித்துக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வான். ஒரு புளியங்கொட்டை அவன், இன்னொன்று பாப்பா. நானும் அவன் அப்பாவும் இரண்டு பெரிய கொட்டை. அதில் பூச்சி அரித்த கொட்டை நான். கேட்டால், “நீங்கதானுங்கம்மா எப்பவும் காலு வலிக்குதுன்னு உக்காருவீங்க” என்பான். கொட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பான். எந்த வழியில் போனால் அவன் குறைவாக நடக்க வேண்டியிருக்கும் என்பதுதான் கணக்கு. டாக்டர் சொன்னதை நாங்கள் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தன் காலைப் பற்றி அவனுக்குத் தெரியாததா?

“எல்லாரும் உள்ள போனதும் முன்னாடி இருக்கறதுலதான் வரிசைல நிப்பாங்க,” என்று விளக்குவான். “நாம அதுல நிக்கக் கூடாதுங்க. வாசல்ல குட்டி ரயிலு ஒண்ணு இருக்குது. அதுல ஏறினா நடக்காமயே கடைசிக்குப் போயிரலாம். அங்கிருந்து ஒண்ணொண்ணா முன்னாடி வரோணும். எல்லாரும் பின்னாடி வர்றப்ப நாம முன்னாடி வந்திருவோம்.”

“தண்ணிச் சறுக்கு?” என்பாள் பாப்பா. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

“அது கடைசில. நனைஞ்ச துணியோட நடந்தா காலு கனக்கும்.”

அந்த வயதுப் பிள்ளைக்குத் துணியின் கனம் எதற்குத் தெரிய வேண்டும்? கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

ரயிலுக்கும் அவன்தான் யோசனை சொன்னான். எங்களுக்குப் பக்கம் திருப்பூர் ஸ்டேஷன். “திருப்பூர்ல வண்டி எவ்வளவு நேரம் நிக்குமுங்கப்பா?” என்று கேட்டான்.

“கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்துப்போடுவான் சாமி.”

“அப்ப வேண்டாங்க. கோயமுத்தூர் போயிரலாம். அங்கதான வண்டி பொறப்படுது. முன்னாடியே வந்து நிக்கும். மெதுவா ஏறிக்கலாம்.”

கிழக்கே போகிறவன் மேற்கே போய் வண்டி ஏறுவதா என்று இவர் சிரித்தார். அப்புறம் தானே ஒரு நாள் கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், படி ஏறாமல் போகிற பிளாட்பாரத்தில்தான் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மருந்தை மறக்கிற மனுஷர் இதை மறக்கவில்லை.

அந்த வருஷக் கோடை லீவில் அதிசயமாகப் பேட்ச் இடைவெளியும் சேர்ந்து அமைந்தது. குஞ்சுக் கம்பெனிக்காரரிடம் பேசி, குஞ்சைக் கொஞ்சம் தள்ளி இறக்கச் சொன்னார். டிக்கெட் எடுத்தாயிற்று. பாப்பாவுக்கு நீச்சல் துணி தைக்கக் கொடுத்தாயிற்று. தம்பிக்கு நுனிக்கால் வழுக்காத செருப்பு தேடித் தேடி வாங்கினோம். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து பழகினான்.

அப்போதுதான் கிணத்துக்கடவிலிருந்து என் நங்கையா வந்தார். நங்கையா என்றால் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவரும் கெட்டவரல்ல. தம்பிக்குச் சீக்கு என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தெரியாமல் எந்தெந்தக் கோயிலுக்கோ வேண்டிக்கொண்டு ஒரு பொழுது விரதம் இருந்தவர்.

“ஒடம்பு சரியில்லாத பையன அத்தன தூரம் கூட்டிட்டுப் போறீங்க அம்மிணி,” என்றார். “சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போனா என்ன?”

எங்கள் குலதெய்வக் கோயிலில் பூவாக்குக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி வாழை இலையில் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் இப்போதைக்கு வேண்டாம். பெண் கொடுக்க, போர் போட, ஷெட் கட்ட, எல்லாவற்றுக்கும் கேட்போம். என் கல்யாணத்துக்கே கேட்டார்கள். வெள்ளைதான் வந்ததாம்.

“சுத்திப் பாக்கப் போறதுக்குமா சாமியத் தொந்தரவு பண்ணோணும்?” என்றேன் நான்.

“கேக்கறதுல தப்பில்ல புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. மனுஷர் பயந்து போயிருந்தார். வழியில் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சாமியே போகச் சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று நினைத்தார். வெள்ளை வரும் என்று நம்பித்தான் கூட்டிப் போனார்.

எடுப்பதற்குக் குழந்தை வேண்டும் என்றதும் தம்பி தானே முன்னால் போனான். புதுச்செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கை ஒன்றின் பக்கம் போய், நின்று, இன்னொன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். செவ்வரளி.

தம்பி அண்ணாந்து பூசாரியைப் பார்த்தான். “இன்னொருக்கா எடுக்கட்டுங்களா?”

“ஒருக்காத்தான் சாமி கேக்கறது,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

“அடுத்த லீவுக்குப் போயிக்கலாங் கண்ணு,” என்று நங்கையா அவன் தலையைத் தடவினார். “பார்க்கு எங்கீம் ஓடிப்போயிராது.” பார்க் ஓடாது, இவன் கால் நிற்குமா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறானே என்று விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் விழுங்கினதையெல்லாம் கக்கினேன். “டாக்டரு போகச் சொல்றாரு, சாமி வேண்டாங்குது. இவனுக்கு வைத்தியம் பாக்கறது யாருங்க, டாக்டரா, சாமியா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். “மீறிப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீ தாங்குவியா?”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். குஞ்சு வந்து இறங்கியது. தம்பி தாளை மடித்து ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டான். அழவில்லை. அவன் அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லவாவது ஒரு வேலை இருந்திருக்கும்.

அடுத்த இடைவெளி பள்ளிக்கூடம் நடக்கும்போது வந்தது. அதற்கடுத்தது ஐப்பசி மழையில் வந்தது. மழையில் ராட்டணம் ஓடாது என்று தம்பியே சொல்லிவிட்டான். கோடை வரட்டும், இந்தத் தடவை நிச்சயம் என்றோம். மார்கழியில் பள்ளிக்கூட வராந்தாவில் வழுக்கி விழுந்தான். பாதத்துக்கு மேல் எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து அதில் பேர் எழுதிவிட்டுப் போனார்கள்.

பொங்கல் தாண்டிக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. நிற்க வைத்தோம், மடங்கினான். இன்னொரு தரம் நிற்க வைத்தோம், அப்படியே என் மேல் சாய்ந்தான். நாள் ஆக ஆகச் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தினம் காலையில் எண்ணெய் தேய்த்துச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். அவன் கால் அதற்குமேல் அவனைத் தாங்கவே இல்லை.

ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டான். “அம்மா, நாஞ் செவப்ப எடுக்காம இருந்திருந்தா நடந்தே சுத்திப் பாத்திருக்கலாமில்லீங்க?”

“அது உன்ற தப்பில்ல சாமி.”

“கை மொதல்ல அந்தப் பக்கத்துப் பொட்டலத்துக்குத்தானுங்கம்மா போச்சு. நாந்தான் மாத்திப்போட்டேன்.”

இத்தனை மாதமாகப் பிள்ளை இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நான் அவனைக் கட்டிக்கொண்டு, பூவுக்கு ஒன்றும் தெரியாது, கைக்கும் ஒன்றும் தெரியாது, உன்னை எடுக்கச் சொன்ன பெரியவர்களுக்குத்தான் புத்தி இல்லை என்றேன். அவன் நம்பினானா என்று தெரியாது. அப்புறம் ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். அங்கே அழுதால் கோழிச் சத்தத்தில் வீட்டுக்குக் கேட்காது.

சித்திரையில் ஷெட் காலியானது. அவர் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “வேணும்னா இன்னொருக்கா பூவாக்கு…”

“நீங்க போயிக் கேளுங்க,” என்றேன். “நீங்களே எடுங்க, நீங்களே பிரிச்சுப் பாருங்க. எம்பையன அந்தச் சாமி முன்னாடி இனி உக்கார வெக்க மாட்டேன். சிவப்பு வந்தாலும் நான் போகத்தான் போறேன். தூக்கிட்டுப் போறேன். சொல்லிப்போட்டேன்.”

வாளியைக் கீழே வைத்தார். அவர் கையெல்லாம் சுண்ணாம்பு. “கேக்க வேண்டாம் புள்ள. போலாம். அன்னைக்கு நான் பயந்துபோட்டேன்,” என்றார். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போயிற்று.

தம்பி மறுபடி தாளை விரித்தான். நடக்க வேண்டாத ஆளுக்கு வழி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. “அப்பாதான தூக்கோணும். அப்பாவுக்கும் காலு வலிக்குமில்ல,” என்று பழைய வழியையே வைத்துக்கொண்டான். இரண்டே இரண்டு இடத்தில்தான் மாற்றினான். கோயமுத்தூரில் வண்டி அவன் சொன்ன மாதிரியே முன்கூட்டி வந்து நின்றது. அவசரமில்லாமல் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து பாப்பாவும் அவனும் சென்னை வரும்வரை பேசித் தீர்த்தார்கள். நங்கையா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஜோலார்பேட்டைக்கு முன்னாலேயே காலி பண்ணிவிட்டார்கள்.

அன்றைக்கு அங்கே பூங்காவுக்குள்ளேயே ஒரு அறையில் தங்கினோம். மறுநாள் கதவு திறக்கும்போது நாங்கள்தான் முதலில் நின்றோம். குட்டி ரயிலில் நாலு பேரும் ஏறினோம். அதில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பி ஒவ்வொன்றையும் தாளில் இருக்கிற படத்தோடு சரிபார்த்துக்கொண்டே வந்தான். சந்தோஷத்தில் அவன் காது சிவந்துபோயிருந்தது.

கடைசியில் இறங்கி, முதலில் ஏற வேண்டியதற்கு அவர் அவனை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஆட்களை ஏற்றிவிட நின்ற பையன் தம்பியின் காலைப் பார்த்தான்.

“சார், இவர ஏத்த முடியாது சார். கால ஊணிதான் உக்காரணும். இல்லன்னா முன்னாடி வழுக்கிடுவாரு.”

“நான் புடிச்சுக்கறேனுங்க,” என்றார் இவர். “கெட்டியாப் புடிச்சுக்குவேனுங்க. எம்பையன நான் விட்டுருவனா?”

“ரூல்ஸ் சார். ஒண்ணு ஆச்சுன்னா எங்கள கேப்பாங்க.”

இவர் கெஞ்சினார். நான் சண்டை போட்டேன். அடுத்ததுக்குப் போனோம், அங்கேயும் அதே பதில். அதற்கடுத்ததிலும் அதே. பெரிய ராட்டணத்திலும் ஏற்ற முடியாது என்று அங்கிருந்தே ஒருவர் சொல்லிவிட்டார். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம். ஏண்டாப்பா, இதற்கா ஒரு வருஷம் கொட்டையை நகர்த்தினான் என் பிள்ளை?

“அப்பா, உடுங்கப்பா,” என்றான் தம்பி. “அந்த மரத்தடி பெஞ்சுல என்னய உக்கார வெய்யுங்க. பாப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. நா சொல்றேன், எது எதுக்கப்பறம்னு.”

பெஞ்சில் உட்கார வைத்தோம். சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் பையை முட்டுக்கொடுத்தேன். தாளை மடியில் விரித்துக்கொண்டான். அப்பாவையும் தங்கையையும் ஒவ்வொன்றாக அனுப்பினான். உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிற மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் பாப்பா ஓடி வருவாள்.

“வரிசைல நின்னீங்களா?” என்பான்.

“நிக்கவே இல்லண்ணா. நாங்க போனதும் ஏத்திட்டாங்க. இப்பத்தான் நெறையப் பேரு வாராங்க.”

“நாஞ் சொன்னேனில்ல?” என்று என்னைத் திரும்பிப் பார்ப்பான். “இப்ப அந்த கப்பலு. ஓடு, ஓடு.”

அவன் போட்டது அத்தனையும் சரியாக நடந்தது. அவன் சொன்ன நேரத்தில் கூட்டம் பின்னால் வந்தது, பாப்பா அதற்குள் முன்னால் வந்துவிட்டாள். சாப்பாட்டுக்குப் போனபோது மேஜையெல்லாம் காலியாக இருந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர்ச் சறுக்கைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சின்ன வயசில் அவள் ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் அதுதானாம். ஒரு தடவை என்னிடம் அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அழுவதற்கு என்ன இருக்கிறது, உன் அண்ணன் உனக்காகத்தானே போட்டான் என்றேன். அவன் அவளுக்காகப் போடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அப்பாவும் மகளும் தண்ணீருக்குப் போன பிறகு பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எதிரே பெரிய ராட்டணம் சுற்றிக்கொண்டிருந்தது.

“அம்மா, நீங்க ஒண்ணுலகூட ஏறலீங்க.”

“எனக்கெதுக்குச் சாமி அதெல்லாம்.”

“அதுல மட்டும் போயிட்டு வாங்க. மேல போனாக் கடல் தெரியும்னு போட்டிருக்குது. நெசமாத் தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க.”

“உன்னத் தனியா உட்டுப்போட்டா?”

அவன் சிரித்தான். “நா எங்கீங்கம்மா போயிரப் போறேன்?”

கேலியாகத்தான் சொன்னான். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

நான் உட்கார்ந்த ராட்டணத் தொட்டி மேலே ஏற ஏற நான் பெஞ்சைத்தான் தேடினேன். மரம் மறைத்தது, அப்புறம் தெரிந்தது. இரண்டு பைக்கு நடுவில் என் பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிக்குப் போனதும் நான் சேலைத் தலைப்பை எடுத்து ஆட்டினேன். அவன் கண்டுகொண்டான். பதிலுக்குக் கையை ஆட்டப் போனான். வலது கை தோள் வரைக்கும் வரவில்லை, பாதியில் நின்று கீழே விழுந்தது. அவன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, மேலே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு ஆட்டினான்.

அதுவரைக்கும் நான் காலோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சோறு ஊட்டிவிடுவதும் நானே, தலை சீவிவிடுவதும் நானே. கையை அவன் எப்போதிருந்து இப்படித் தூக்கப் பழகினான் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்திருக்கிறான். அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியாது என்று நினைத்து இப்போது ஆட்டுகிறான். ராட்டணம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன், அவனும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கீழே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். இரண்டு கையும் மடியில் தாளின் மேல் இருந்தன.

“கடல் தெரிஞ்சுதுங்களாம்மா?”

“தெரிஞ்சுது கண்ணு,” என்றேன். “நல்லாத் தெரிஞ்சுது.”

எவ்வளவு தூரத்தில், என்ன நிறத்தில், படகு இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடல் இருந்த பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.